நான் வைத்த ஐந்து புங்கமரங்கள்

கார்த்தி,

நான் இதுவரை எழுதினதெல்லாம் லீவு லெட்டர்தான். கம்பெனியில் எங்கள் கார்டன் கூட்டத்தில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்தி. அதனால் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் வீட்டில் காதுகுத்து என்றாலும் பேப்பரும் பேனாவும் என்னிடம்தான் வரும். 'ஐயா, எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று ஆரம்பித்தால் கை தானாக ஓடும். இந்தக் கடிதத்துக்கு அப்படி ஓர் ஆரம்பம் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று நாளாக எழுதிக் கிழித்து, இன்று காலையில் அடுப்பில் வைத்த ரசத்தையும் சுண்ட விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் அபார்ட்மெண்டில் தண்ணீருக்கு இரண்டாவது போர் போடுகிறீர்கள். அதற்கு நான்தான் கற்பூரம் ஏற்ற வேண்டும், மரத்தடியில் என் பேர் போட்ட பலகையையும் அன்றைக்கே திறக்க வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறாய். வருகிறேன். ஆனால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் போர் லாரிக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லு. அந்த ஐந்து மரங்களின் அடியிலும் கம்பெனியின் விஷ மண் கிடக்கிறது. அதைப் புதைத்தவர்களில் நானும் ஒருத்தி. மரம் வைத்து மறைத்தவள் நான் மட்டும்தான்.

உனக்கு அந்த இடம் ஆற்றங்கரை அபார்ட்மெண்ட். எனக்கு அது இன்னும் கம்பெனிதான். பட்டணத்துக்குள் போய் அடையாறு என்று பெரிய பேர் வாங்குகிற ஆறு நம் பக்கம் வெறும் ஓடையாகத்தான் கிடக்கும். அந்த ஓடைக் கரையில், படப்பை ரோட்டிலிருந்து உள்ளே வந்தால், வரிசையாக ஏழெட்டுக் கம்பெனிகள் இருந்தன. சாயம் போடுகிறது ஒன்று, இரும்பு உருக்குகிறது ஒன்று, எங்களுடையது பிளேட்டிங். பைக் பார்ட்டுக்கும் குழாய்க்கும் முலாம் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கி அனுப்பும். ஒரகடத்தில் பெரிய பெரிய பிளாண்ட் வந்ததும் இந்தச் சின்னக் கம்பெனிகள் ஒன்றொன்றாக மூடின. இப்போது அந்த வரிசை முழுக்க வீடு. வாசலில் செக்யூரிட்டி, மேலே சோலார் விளக்கு, ஜிம், நீச்சல் குளம். உங்கள் ஏ பிளாக் லிஃப்ட் இருக்கிற இடத்தில் ஆசிட் தொட்டிகள் இருந்தன. உன் பிளாக்கின் கார் நிறுத்துகிற இடத்தில் எங்கள் கேண்டீன். சோற்றுத் தட்டோடு நாங்கள் வரிசையில் நின்ற இடத்தில் உன் பைக் நிற்கிறது. அங்கே வந்தால் இரண்டரை மணிக்கு எனக்குச் சங்கு கேட்கிறது. முதல் ஷிப்ட் விடுகிற சங்கு. நீங்கள் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் மட்டும் எழுந்து நின்று புடவையை உதறுவேன். "இன்னாம்மா, எங்க கெளம்பிட்ட?" என்று நீ ஒரு தடவை கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

உன் அப்பா போனபோது நீ ஐந்தாவது படித்தாய். அதற்கப்புறம்தான் நான் அங்கே காண்டிராக்டில் சேர்ந்தேன். கார்டன் வேலை என்று பேர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கூட்டுவது, கழுவுவது, சுமப்பது. முலாம் போட்ட தண்ணீரை அப்படியே ஆற்றில் விடக்கூடாது என்பதால் அதில் மருந்தைக் கலந்து, கசடைப் பிழிந்து எடுப்பார்கள். அந்தக் கசடு காய்ந்தால் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். நாங்கள் அதைப் பச்சை மண் என்போம். அதை மூட்டை கட்டி ஷெட்டில் வைக்க வேண்டும், அதற்கென்று இருக்கிற லாரி வந்து எடுத்துக்கொண்டு போய் அதற்கென்று இருக்கிற இடத்தில் போட வேண்டும். சட்டம் அது. லாரி வந்தால்தானே! கூப்பிடுவதற்கே முதலாளிக்கு மனசு வராது. ஷெட் நிரம்பி வழியும். மழை வந்தால் பச்சையாக ஒழுகி எங்கள் காலுக்கடியில் ஓடும். கையுறை கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அந்த அடுத்த மாதம் ஏழு வருஷமாக வரவே இல்லை.

என்னோடு சுமந்தவள் வேதவல்லி. வேதா என்போம். உனக்கு நினைவிருக்கும், தீபாவளிக்கு அதிரசம் கொண்டுவந்து தருவாளே, மூக்குத்தி போடாமல் மூக்கில் துளை மட்டும் வைத்திருப்பாள். போடாமல் என்ன, போட முடியாமல். பச்சை மண் தூசி ஏறி ஏறி அவள் மூக்குக்குள் புண். மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், ஆறினதும் போட்டுக்கொள்ளலாம் என்று. எனக்குக் கையில் அங்கங்கே குழி விழுந்தது. நீ சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் குழிகளை விரலால் தொட்டு, "இது இன்னாம்மா?" என்பாய். அம்மை வந்த தழும்பு என்று சொல்லி வைத்தேன். இப்போது உன் பொண்ணும் அதையே தொட்டுக் கேட்கிறாள்.

ஒரு நாள் மத்தியானம் சூப்பர்வைசர் தயாளன் ஓடி வந்தார். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். ஷெட்டில் மூட்டை கூரையைத் தொடுகிறது. ஆற்றங்கரைப் பக்கம் காம்பவுண்டை ஒட்டி ஜேசிபி வைத்து அவசரமாகக் குழி தோண்டினார்கள். நாங்கள் ஆறு பெண்கள் சட்டி சட்டியாகச் சுமந்து கொட்டினோம். மூடியும் ஆயிற்று. மூடின பிறகுதான் தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டார். சுற்றிலும் புல், நடுவில் மட்டும் புது மண், பாடை கட்டித் தூக்கிவந்து புதைத்த மேடு மாதிரி. "பாக்கறவன் கண்ணுக்கு நேரா தெரியுமே. அவன் இன்னா மாங்கா மடையனா?" என்று புலம்பினார். "நாளைக்கு எதனா ஆச்சின்னா காண்டிராக்ட் மொத்தத்தையும் தூக்கிடுவாங்க. நீங்கல்லாம் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

 நான் பேசினேன். என் வாய் சும்மா இருந்ததே கிடையாது என்பது உனக்குத் தெரியும். "சார், ஒரு மரக்கன்னு நட்டுட்டா? செடி வெக்கத் தோண்டின மண்ணுன்னு நெனச்சிப்பாங்க. சுத்தி நாலு செங்கல்லு வெச்சி, தண்ணியும் ஊத்திட்டோம்னா தோட்டமாயிடும்" என்றேன். தயாளன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "அடி சக்க! இத்தினி இன்ஜினியருங்க கீறாங்க, ஒருத்தனுக்கும் இது தோணல பாரு" என்றார். நர்சரியிலிருந்து புங்கங்கன்று வந்தது. நானே நட்டேன். மறுநாள் வந்த அதிகாரி அந்தப் பக்கம் நடந்து வந்து, கன்றைப் பார்த்து, நல்ல விஷயம், நிறைய வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிறைய வைத்தோம். அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக மொத்தம் ஐந்து. குழி தோண்டுவது, கொட்டுவது, மூடுவது, மேலே புங்கங்கன்று. அதுவே வழக்கமாகிவிட்டது. ஷெட் நிரம்பினால் தயாளன் என்னைக் கூப்பிட்டு, "கன்னு வாங்கியாரச் சொல்லட்டா?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஆற்றைப் பார்த்து நின்றால் இடமிருந்து மூன்றாவது மரம் இருக்கிறதே, அது இரட்டைக் குழி. ஆழமும் அதிகம், அகலமும் அதிகம். எங்கள் ஜேசிபிக்காரன் அங்கே ஈரம் கண்ட பிறகும் தோண்டினான். கன்றெல்லாம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்த ஆயுத பூஜைக்கு முதலாளி என்னை எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு, கம்பெனியைப் பசுமை ஆக்கினவள் என்று சொல்லி ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார். கார்டன் இன்சார்ஜ் ஆக்கினார். இ.எஸ்.ஐ. கார்டு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வேதா தட்டவில்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் என் மடியில் இருந்த குடத்தைத் தட்டிப் பார்த்து, "இத்த எங்க கொண்டுபோயி பொதச்சாலும் ஒரு நாளு மேல வரும்டி. வேரு சும்மா இருக்குமா? தண்ணி சும்மா இருக்குமா?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொறாமை என்று நினைத்தேன். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அப்படியே அவளிடம் சொல்லியும் விட்டேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் நாங்கள் சரியாகப் பேசவில்லை. வேதா மூச்சு வாங்கி வாங்கிப் போய்ச் சேர்ந்தாள். எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். அவள் முந்தானை முடிச்சில் மூக்குத்தி அப்படியே இருந்தது. நீ பிளஸ் டூ முடிக்கும்வரை அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் குடித்தாய்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஆறு காம்பவுண்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதோடு கம்பெனி படுத்தது. ஆளுக்கொரு பக்கம் போனோம். பல வருஷம் அந்த இடம் முள் மண்டிக் கிடந்தது. அப்புறம் கட்டடம் கட்டுகிறவர்கள் வாங்கி, ஷெட்டுகளை இடித்து, லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். ஆற்றை ஒட்டின பகுதியில் கட்டக்கூடாது என்பதால் அதைப் பார்க் ஆக்கினார்கள். மரம் சாகக்கூடாது என்று ஐந்து மரத்தைச் சுற்றி மட்டும் மண் கொட்டாமல், வட்டமாகச் சுவர் எடுத்து பெஞ்சு போட்டார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்களில் வேதா போய்விட்டாள், தயாளன் எங்கே இருக்கிறாரோ, ஜேசிபிக்காரன் வெளியூர். கொட்டின மற்ற நாலு பேரும் மூலைக்கொருத்தியாகப் போய்விட்டார்கள். அத்தனை பேர் சேர்ந்து செய்த ஒன்று எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக ஆகிவிட்டது.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். நீ வீடு பார்க்கப் போகிறேன் என்று என்னையும் என் மருமகள் செல்வியையும் கூட்டிக்கொண்டு போனாயே, அன்றைக்கு அந்த சேல்ஸ்காரர் பால்கனிக் கதவைத் திறந்து காட்டினார். புங்கம்பூ கொட்டிக் கிடந்தது, பொரி இறைத்த மாதிரி. "இத்தினி வயசு மரம் வேற எந்த புராஜெக்ட்லயும் கெடைக்காது சார்" என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்து, "அம்மா, இது நீ வேலை செஞ்ச கம்பெனிதானே?" என்றாய். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். ஏசி ரூமில் ஸ்பிரிங் நாற்காலியில் உட்கார வைத்து எனக்கு ஜூஸ் கொடுத்திருந்தார்கள். சட்டி சுமந்த இடத்தில் என்னை மேடம் என்று கூப்பிட்டார்கள். என் புத்தி எங்கே போயிற்றோ, "அந்த அஞ்சி மரமும் நான் வெச்சதுடா" என்றேன். நீ என் தோளில் கை போட்டாய். மீசை முளைத்த நாளிலிருந்து நீ என் தோளில் கை போட்டதே கிடையாது. "அப்ப இதான் நம்ம வூடு" என்றாய். அன்றைக்கே புக் பண்ணினாய். என் பெருமைக்காக என் பிள்ளையை நானே கொண்டுபோய் அங்கே குடிவைத்தேன். பாவி, நான் பாவி.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வந்தேன். கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கும்போது எப்படிச் சொல்வது? அடுத்த தடவை பாப்பாவுக்கு ஜுரம். மூன்றாவது தடவை உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, மரம் வைத்த அம்மா நீங்கள்தானா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குழி விழுந்த கையை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். உன் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். பையில் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்தேன். காபி வேண்டாம் என்றேன், விரதம் என்றேன், இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன். சாயங்காலத்துக்குள் வடக்குப்பட்டில் என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். பாப்பாவுக்குக் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கு, போர் தண்ணீர் உப்பு என்று உன்னிடம் ஆயிரம் தடவை சொன்னேன். "ஃபில்டர் போட்டிருக்கோம்மா" என்று சிரித்தாய். உண்மையில் இப்போது இருக்கிற போர் வாசல் பக்கம், மரத்துக்கு ரொம்ப தூரம். அதில் ஏதாவது இறங்கியிருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் தின்கிறது.

இதில் அடிபட்டவள் செல்வி. அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் இருந்தவள். நீ அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, அவள் என்ன சாதி என்று கேட்டுவிட்டு நான் ஆடின ஆட்டம் இருக்கிறதே, அதை மூடி மறைக்க முடியாது. தாலி கட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊரே பார்த்தது. பாப்பா பிறந்த பிறகு என் மனசு மாறிற்று. மாறினதை நான் வாயால் சொன்னதில்லை. நீட்டி முழக்குகிற இந்த வாய்க்கு அது மட்டும் வரவில்லை. அப்படிப்பட்டவள் அவள் வீட்டுக்கு வந்து, அவள் நீட்டின டம்ளரை வாங்காமல், பையிலிருந்து சொந்தப் பாட்டிலை எடுத்துக் குடித்தால் அந்தப் பெண் என்ன நினைக்கும்?

என்ன நினைத்தாள் என்று போன மாதம் தெரிந்தது. நீ ஷிப்டில் இருந்தாய். நான் பாட்டிலைத் திறந்தேன். அவள் அடுப்படியிலிருந்து வந்து எதிரே நின்றாள். குரல் உயரவே இல்லை. "அத்தே, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. எங்கம்மை எங்க ஊர்ல அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னு கையை ஏந்தித் தண்ணி குடிச்சவ. நான் படிச்சு, வேலைக்கு வந்து, எனக்குன்னு ஒரு வீடு, எனக்குன்னு ஒரு அடுப்படி. அங்கயும் ஒருத்தி எங்கையால தண்ணி வாங்க மாட்டேங்கான்னா நான் எங்க போவேன்? ஒங்க பேத்தியும் இந்தத் தண்ணியத்தான குடிக்கா?" என்றாள். கார்த்தி, கடைசியாக அவள் சொன்னது இருக்கிறதே, அது அவள் நினைத்த இடத்தில் குத்தவில்லை. அதைவிட உள்ளே குத்திற்று. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் மரம் வைத்த அம்மா போய்விடுவாள். மூடியிருந்தால் சாதி பார்க்கிற மாமியாராக இருக்கலாம். உன் அம்மா எதைத் தேர்ந்தெடுத்தாள் பார். பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இதை அவள் உன்னிடம் சொல்லக்கூட இல்லை போலிருக்கிறது. அவள் பெருந்தன்மை அது.

அதற்கப்புறம் அங்கே வரவே பயமாயிற்று. மூன்றாவது மரத்தடியில் வேதா நிற்கிறாள். பேய் என்று நினைக்காதே, பைத்தியம் என்றும் நினைக்காதே. பட்டப்பகலில், குழந்தைகள் சறுக்கு விளையாடிக்கொண்டிருக்கும்போது, தலையில் சும்மாடு வைத்து, சட்டியோடு நிற்கிறாள். இறக்கிவைக்க ஆள் இல்லாமல் நிற்பதுபோல் இருக்கும். நாங்கள் அப்படித்தான், ஒருத்தி சுமையை இன்னொருத்தி பிடித்தால்தான் இறக்க முடியும். நான் பார்க்காதது மாதிரி நடந்து போவேன். பின்னால் திரும்பினால் அவள் தலை திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டுவாள். மற்ற நாலு மரமும் பச்சைப் பசேல் என்று இருக்க, அந்த மூன்றாவது மட்டும் கீழ்க்கிளை மஞ்சளித்து நிற்பதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லையா? உரம் வைக்க வேண்டும் என்று உங்கள் தோட்டக்காரர் சொன்னதாகச் சொன்னாய். உரமா!

போன ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் முடிந்தது. மழை விட்ட மறுநாள். நீரோட்டம் பார்க்க ஆள் வந்திருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு பார்க் முழுக்க நடந்தார், பின்னால் நீங்கள் பத்துப் பதினைந்து பேர். மூன்றாவது மரத்துக்கும் நாலாவது மரத்துக்கும் நடுவில் தேங்காய் எழுந்து நின்றது. எல்லோரும் கைதட்டினீர்கள். "அம்மா வெச்ச மரத்தாண்டயே தண்ணி கீதுப்பா, ராசியான கை" என்று ஒருத்தர் சொன்னார். அதே நேரத்தில் பாப்பா என் புடவையை இழுத்தாள். மூன்றாவது மரத்தின் வட்டச் சுவருக்குள் இறங்கிக் குச்சியால் தோண்டி, பிளாஸ்டிக் தட்டில் மண்ணைக் குழைத்து எடுத்து வந்திருந்தாள். "ஆயா, சோறு ஆக்கிட்டேன். துன்னு" என்று வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். மண்ணுக்குள் பச்சைக் கோடு ஓடிற்று. பச்சையும் மஞ்சளும். அந்த நிறத்தை நான் எங்கே பார்த்தாலும் அறிவேன். அவள் நகக்கண்ணில், விரல் இடுக்கில், உதட்டோரத்தில். நான் தட்டைத் தட்டிவிட்டேன், அவள் கையில் ஓர் அடியும் வைத்தேன். குழந்தை வீறிட்டது. நீ ஓடி வந்து, "மண்ணுல ஆடினதுக்கா அடிக்கிற? உனக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினாய். கத்தினது சரிதான். வேதா சொன்னபடியே மேலே வந்துவிட்டது.

போர் லாரி அந்த இடத்தில் இறங்கினால், மேலே இருக்கிற விஷத்துக்குக் கீழே இருக்கிற தண்ணீருக்கு நீங்களே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போரை நிறுத்து. மரத்தைச் சுற்றி இன்றைக்கே கயிறு கட்டு, குழந்தைகள் யாரும் இறங்கக் கூடாது. மண்ணையும் இப்போதுள்ள போர் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்பு. அவசரப்பட்டு நீங்களே யாரும் தோண்டிவிடாதீர்கள், அதற்கென்று தெரிந்தவர்கள் வந்து எடுக்கட்டும். இந்தக் கடிதத்தை உங்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஒரு எழுத்து விடாமல் படி. செல்வியைப் பற்றி எழுதினதையும், சாதி பார்த்து நான் ஆடினதையும் சேர்த்துப் படி. நல்லதை மட்டும் படித்தால் நான் மறுபடியும் ஒரு கன்று நட்டது மாதிரி ஆகும். அவர்கள் உன்மேல் பாய்வார்கள். வீட்டை இனி யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். உன் அம்மா பண்ணினதற்கு நீ ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உனக்கும் தோன்றும். என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. நீ என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அது பொய். தாங்க மாட்டேன். இருந்தாலும் இதை எழுதுகிறேன்.

நீயும் இப்போது ஒரு கம்பெனி லைனில் சூப்பர்வைசர். உன் கீழே கூட்டிப் பெருக்க, கழுவ, என் வயசுப் பெண்களும் செல்வி வயசுப் பெண்களும் இருப்பார்கள். என்றைக்காவது இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் எதையாவது மறைக்க வேண்டி வரும். அப்போது ஒருத்தி வந்து கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனை சொல்லுவாள். அவளுக்குக் குடம் கொடுத்துவிடாதே. அவள் ஏன் அந்த யோசனையைச் சொல்கிறாள், வீட்டில் அவளுக்கு என்ன பயம் என்று கேள். உன்னைக் கெட்டிக்காரன் என்று யாராவது முதுகில் தட்டினால், எதற்காகத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார். எனக்கு அன்றைக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பூவும் கற்பூரமும் இல்லை, ஒரு மூட்டைக் கோலமாவு கொண்டு வருகிறேன். எல்லோரும் பார்க்க ஐந்து மரத்தைச் சுற்றியும் ஒவ்வொரு குழியும் எதுவரை இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவேன். நீளம் அகலம் எல்லாம் என் காலுக்குத் தெரியும், இத்தனை தடவை அதைச் சுற்றி நடந்திருக்கிறேனே. பலகையை மட்டும் கழற்றி வைத்துவிடு. அதுவரைக்கும் பாப்பா கையை நன்றாகக் கழுவி விடு, நகத்தை ஒட்ட வெட்டி விடு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீரில் கழுவு. ஆயா அடித்தது அவளை இல்லை என்று சொல்லு. புரியாது, இருந்தாலும் சொல்லு.

வரும்போது ஒரு கேன் நல்ல தண்ணீரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவேன். கேட்டிலிருந்து தலையில் தூக்கிக்கொண்டு மூன்றாவது மரம்வரை நடப்பேன். நீ பிடிக்காதே, செக்யூரிட்டியும் வேண்டாம். செல்வி வந்து ஒரு கை பிடித்து இறக்கட்டும். அவளுக்கு இஷ்டம் இருந்தால்தான், கட்டாயம் இல்லை. இறக்கினபின், அவளை ஒரு டம்ளர் எடுத்து வந்து எனக்குத் தண்ணீர் ஊற்றித் தரச் சொல். எனக்கு அப்போது தாகமாக இருக்கும். அவள் கையால் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் நான் கோடு போடக் குனிவேன்.

அம்மா